பதினான்காம் எண் இருக்கை

மார்ச் 6, வெள்ளி

எழுந்ததும் முதல் காரியமாக என் கணவருடைய மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வைத்தேன். பதினெட்டு வருடப் பழக்கம். கண்ணாடிக் கடையில் நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே.

ஊரிலிருந்து நாத்தனார் போன். "அண்ணி, அலமாரியில ரெண்டு தட்டு உங்களுக்குன்னு காலி பண்ணிட்டேன்."

எதற்கு என்றேன்.

"ஜூன்ல வந்துடறீங்களாமே! அண்ணன் சொல்லலையா?"

சொல்லவில்லை. மாலையில் கேட்டேன்.

"மாற்றல் கெடச்சிடுச்சு. நீ துள்ளிக் குதிப்பேன்னு நெனச்சேன்," என்றார். "இனிமே நீ யார் கண்ணையும் பார்க்க வேணாம். வீட்ல நிம்மதியா இரு."

நல்ல மனதோடுதான் சொன்னார். கஷ்டமே அதுதான். மூன்று வருடம் படித்து, இரண்டாம் தடவையில் தேறி, கண் பரிசோதனை செய்ய இந்த நாட்டு உரிமம் என் கைக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. வீட்டில் இருப்பதுதான் எனக்கு நிம்மதி என்று இவரிடம் யார் சொன்னது?

மார்ச் 9

பெட்டிகளை அளந்துகொண்டிருக்கிறார்.

மார்ச் 12, வியாழன்

கடை முதலாளிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி நான்கு நாள். பார்க்கப் போனேன். வலியைவிடப் பெரிய கவலை அவருக்கு சனிக்கிழமை ஆட்டம். கால்பந்து மைதானத்தில் இருபது வருடமாக அவருக்கென்று ஓர் இருக்கை. காலியாகக் கிடந்தால் அந்த வரிசைக்கே ஆகாதாம்.

"நீ போ."

"பந்து எது, கோல் எதுன்னே எனக்குத் தெரியாது சார்."

"உருண்டையா இருக்கறது பந்து. போ."

மார்ச் 14, சனி

"கால்பந்தா? நீயா?" என்று என் கணவர் சிரித்தார். பிறகு, "ஸ்வெட்டர் எடுத்துக்கோ."

இத்தனை பேரை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. பதினான்காம் எண்ணைத் தேடி உட்கார்ந்தேன். ஒரு பக்கம் ஓய்வுபெற்ற தபால்காரர். மறுபக்கம் பஸ் ஓட்டும் அம்மா, என் வயதுதான் இருக்கும்.

"கண்ணாடிக்காரர் எங்க?" என்றார் தபால்காரர்.

"முழங்கால்ல ஆபரேஷன். நான் அவர் கடையில வேலை செய்யறேன்."

"அப்போ இன்னிக்கு நீங்கதான் கண்ணாடிக்காரர்."

எதிரணி கோல்கீப்பர் பறந்து ஒரு பந்தைத் தடுத்தார். அழகாக இருந்தது, கை தட்டினேன். வரிசையில் நான் ஒருத்திதான். தபால்காரர் காதோரம் குனிந்து, "அம்மா, அவன் நம்மாளு இல்ல," என்றார்.

அதற்குப் பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆட்டம் முடியப் பத்து நிமிடம். பஸ் ஓட்டும் அம்மாவின் கண்ணாடிக் கம்பி கழன்று மடியில் விழுந்தது. "ஐயையோ, இது இல்லாம எனக்கு எல்லாம் மாவு மாதிரி தெரியும்!" என் கைப்பையில் குட்டித் திருப்புளி எப்போதும் இருக்கும். முடுக்கினேன். என் கையாலேயே மாட்டிவிட்டேன். மாட்டினால் நேராக உட்காருகிறதா என்று முகத்தைப் பார்க்க வேண்டுமே, அது தொழில் பழக்கம். மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று பார்த்தேன். இடது பக்கம் ஒரு துளி இறக்கம். சரிசெய்தேன். அவர் கண் என் தோளுக்கு மேலே போயிற்று. விரிந்தது.

கோல். ஆட்டத்தின் ஒரே கோல்.

"பார்த்தீங்களா? பார்த்தீங்களா?" என்று என்னைக் கட்டிக்கொண்டு குதித்தார்.

"உங்க மூஞ்சில பார்த்தேன்," என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் இவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு பாத்திரம் தேய்க்கும்போது அழுகை வந்தது. ஒரு பந்துக்காகவா நாற்பத்தாறு வயதில் அழுவார்கள்? — பந்துக்காக இல்லை. தெரியும்.

மார்ச் 19

"நான் மட்டும் ஒரு வருஷம் இங்க இருந்தா என்ன?" என்று கேட்டுப் பார்த்தேன். விளையாட்டாகக் கேட்பது போல.

"தனியாவா? பேசாம இரு," என்றார்.

மார்ச் 24, செவ்வாய்

முதலாளி ஊன்றுகோலோடு கடைக்கு வந்துவிட்டார். இனி மைதானத்துப் படிகளை ஏற முடியாதாம். இருக்கையை வேறு பெயருக்கு மாற்றும் படிவத்தை என் மேசைமேல் வைத்தார். மாத முடிவுக்குள் கொடுக்க வேண்டும்.

"அந்த பஸ் ஓட்டற அம்மா ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க, நீதான் வரணுமாம். அடுத்த சீசன் ஆகஸ்ட்ல."

"ஜூன்ல ஊருக்குப் போறோம் சார்."

"உன் வீட்டுக்காரருக்கு மாற்றல், சரி. உனக்கு யார் மாற்றல் குடுத்தது?"

கோபமாக வந்தது. படிவத்தை எடுத்துக் கைப்பைக்குள் திணித்தேன்.

மார்ச் 30, திங்கள்

காலையில் அவருடைய கண்ணாடியைத் துடைத்தேன். பிறகு என்னுடையதையும். அதை எடுத்துத் துடைத்து எத்தனை நாள் ஆயிற்று!

படிவத்தைக் கொடுக்க நாளை கடைசி நாள். மைதானத்து அலுவலகம் கடையிலிருந்து நாலு ஸ்டாப். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்த் திரும்பிவிடலாம். படிவத்தில் என் பெயரை முழுதாக எழுதி, கையெழுத்துப் போட்டு, கைப்பையில் திருப்புளியோடு வைத்திருக்கிறேன்.

இவர் அளவு நாடாவோடு வந்து நின்றார். "உன் சாமானுக்கு எத்தனை பெட்டி வேணும்?"

"நாளைக்கு ராத்திரி சொல்றேன்," என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போய்த் தன் பெட்டியை அளந்தார்.