ரம்ஸியின் கையில் இருந்தது

நாப்லுஸ்
12 மார்ச் 1988

என் நுஹாவுக்கு,

உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் இறைவன் நிம்மதியைத் தரட்டும். எல்லைப் பாலம் கடந்து அம்மானுக்குப் போகிற ஒரு மாமி இதைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு போகிறார். அங்கிருந்து குவைத்துக்கு யார் கையில் வந்து சேருமோ தெரியாது. போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. அது வந்தே சேரவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வந்திருந்தால் உன் காதைத் திருகவேண்டும்.

பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பூகோளம் சொல்லிக்கொடுத்தவள் வேறொரு வேலையில் சேர்ந்திருக்கிறேன். இங்கே வக்கீல்கள் சிலர் சேர்ந்து ஒரு சின்ன அலுவலகம் நடத்துகிறார்கள். யாராவது ராணுவத்தால் சுடப்பட்டு இறந்தால் அந்த வீட்டுக்குப் போய், நடந்ததைக் கேட்டு எழுதிவர வேண்டும். பெயர், வயது, எங்கே விழுந்தார், யார் பார்த்தது, கையில் என்ன இருந்தது. வானொலி ‘மேலும் மூவர் இறந்தனர்’ என்று சொல்லிவிட்டு வானிலைக்குப் போய்விடுகிறது. அந்த மூவரும் யார் என்று எங்காவது எழுதி இருக்கவேண்டும் இல்லையா?

முதல் வீட்டில் பேனாவை எடுக்கவே எனக்குக் கை வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்தான், “கேளு மகளே, கேக்கத்தானே வந்தே” என்று ஆரம்பித்துவைத்தார். துக்க வீட்டில் சர்க்கரை இல்லாத காபிதானே. குடித்துக் குடித்து, இப்போது சர்க்கரை போட்டால் எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை.

உன் அம்மா நலம். முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. பல்கலைக்கழகத்தையும் மூடிவிட்டதால் உன் தம்பி ரம்ஸி வீட்டிலேயே இருந்து அவரைப் பாடாய்ப் படுத்துகிறான். நேற்று என்னைப் பார்த்து, “என்ன டீச்சர், ஆத்தையும் மலையையும் விட்டுட்டு ஆள எண்ணப் போயிட்டீங்களாமே?” என்றான். உன் அம்மா கரண்டியை ஓங்கினார். அவன் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு ஓடிவிட்டான். உன் கையிலிருந்து என் கைக்கு முதல் அடி எடுத்து வைத்த பிள்ளை, இப்போது வாசலில் தலை இடிக்காமல் குனிந்து வருகிறான்!

வாதுமை பிஞ்சு விட்டிருக்கிறது. சின்ன வயதில் நாம் ஏறிக் குதித்த பாதிரியார் தோட்டத்துச் சுவரை இன்னும் உயர்த்திவிட்டார்கள். நம்மால் இனி அதில் ஏற முடியாது.

உன்
இப்திசாம்


குவைத்
3 ஏப்ரல் 1988

இப்திசாம், என் உயிரே,

காதைத் திருகு. பதில் போடாதது உண்மைதான். சின்னவளுக்கு அம்மை போட்டிருந்தது.

இங்கே கடையில் பச்சை வாதுமை விற்கிறார்கள், கண்ணாடித்தாள் சுற்றி. வாங்கி வந்து உப்புத் தொட்டுத் தின்றேன். சுவரேறிக் குதிக்காமல், முழங்கால் சிராய்க்காமல் தின்றால் அதில் ஒரு ருசியும் இல்லையடி. பாவாடையில் கட்டிக்கொண்டு ஓடுவோமே, பின்னால் ரம்ஸி “எனக்கு, எனக்கு” என்று அழுதுகொண்டே வருவானே! உன் பங்கிலிருந்துதான் எப்போதும் கொடுப்பாய். நான் கொடுத்ததே இல்லை. அதனால்தான் அவனுக்கு இன்றைக்கும் உன்மேல் ஒட்டுதல் அதிகம்.

நீ செய்யும் வேலையை நினைத்தால் பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. சாயங்காலம் வீடு வந்து சேர்ந்ததும் யாரிடம் பேசுகிறாய்? தனியாக உட்கார்ந்து யோசிக்காதே. எங்கள் வீட்டுக்குப் போ, அம்மாவோடு சாப்பிடு. தொலைபேசிக் கம்பியையும் வெட்டிவிட்டார்கள். அம்மாவின் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

ரம்ஸிக்குப் பெண் பார்க்கச் சொல்லி அம்மாவிடம் நீயே சொல். உன் பேச்சைத்தான் அவர் கேட்பார். வீட்டில் ஒரு பெண் வந்தால் அவன் தெருவில் நிற்பது குறையும். அவனைப் பார்த்துக்கொள்.

உன்
நுஹா


குவைத்
29 ஏப்ரல் 1988

இப்திசாம்,

எனக்கு எழுதத் தெரியவில்லை. அம்மானிலிருந்து அண்ணன் அதீப் பேசினான். முதலில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றான். பிறகு அழுதான். அப்போதே தெரிந்துவிட்டது.

மூன்று நாளும் வீடு கொள்ளாத கூட்டம். நேற்று ஒருவர் ரம்ஸியின் சுவரொட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். பல்கலைக்கழக அட்டையில் இருந்த படம். தலையை அழுத்தி வாரியிருக்கிறான், யாரோ கட்டாயப்படுத்தியதுபோல. கீழே எழுதியிருக்கிறது: ‘கூரையிலிருந்து எதிரியின்மீது கல்மழை பொழிந்து வீழ்ந்த சிங்கம்.’ என் வீட்டுக்காரர் அதைச் சட்டம்போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். வருகிறவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று, “இப்படி ஒரு தம்பி கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்” என்கிறார்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடுகிறேன்.

ஊரில் எல்லோருக்கும் எழுதுகிறாயே, அவனுக்கும் நீதானே எழுதுவாய்? முழுதாக எழுது. எத்தனை பேருக்கு எதிரே நின்றான், என்ன சொன்னான், எல்லாவற்றையும். எனக்கும் ஒரு படி அனுப்பு. என் பிள்ளைகள் படிக்கவேண்டும்.

நுஹா


நாப்லுஸ்
15 மே 1988

நுஹா, என் சகோதரியே,

இதைத் தனியாக உட்கார்ந்து படி. நான் எழுதுவதை உன் அம்மாவிடம் எந்த வழியாகவும் சொல்லி அனுப்பாதே.

உன் கேள்வியை நான்கு நாட்களாகச் சுமந்துகொண்டு திரிகிறேன். உனக்கு எழுதும் கடிதத்தில் பொய் எழுத எனக்கு வராது.

அன்று வெள்ளிக்கிழமை. ஊரடங்கு. தொழுகை முடிந்து பகல் சாய்கிற நேரம். வெள்ளிக்கிழமை எகிப்துப் படம் போடுவார்களே, நாம் தெருவோடு ஒரே வீட்டில் கூடி அழுது தீர்ப்போமே, அந்த நேரம்தான். காற்றில் ஆன்டெனா திரும்பிவிட்டது, திரை முழுக்கப் புள்ளி. அம்மா ரம்ஸியை மேலே போய்த் திருப்பச் சொன்னார். அவன் போனான். மாடியில் நின்று கம்பியைத் திருப்பினான். தெருமுனை வீட்டுக் கூரையில் சிப்பாய்கள் இருந்தார்கள். ஒரே குண்டு. எதிர்ச் சன்னலில் இருந்த உம்மு ஸபா எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். கல் இல்லை, நுஹா. அவன் கையில் ஆன்டெனாக் கம்பிதான் இருந்தது.

கேட்டு எழுதப் போன என்னை அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். “எழுதாத. சுவரொட்டில என்ன போட்டிருக்கோ அதையே போடு. ஒரு படம் பாக்குறதுக்காகப் பெத்தவளே மேல அனுப்பினான்னு ஊர் பேசணுமா?” என்றார். அவருக்கு அந்தச் சுவரொட்டி ஒரு போர்வை. அதை இழுக்க எனக்கு மனமில்லை. ஆனால் பொய்யை எழுதவும் முடியவில்லை. கல் எறிந்தான் என்று நாமே எழுதிக்கொடுத்தால், சுட்டது சரிதான் என்று அவர்கள் சொல்ல நாமே வழிவிட்டதாகும். அதனால் ரம்ஸிக்கான தாளில் ‘கையில் என்ன இருந்தது’ என்ற அந்த ஒரு வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

அவனை நினைத்தால் எனக்கு அந்த அழுமூஞ்சிப் பிள்ளைதான் கண்ணில் வருகிறான். வளர்ந்த முகம் வரமாட்டேன் என்கிறது.

உன்
இப்திசாம்


குவைத்
6 ஜூன் 1988

இப்திசாமுக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தின்முன் என் மகன் தினமும் நெஞ்சில் கை வைத்து நின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறான். அவனிடம் நான் என்ன சொல்லட்டும்? உன் மாமன் டி.வி. சரிசெய்யப் போய்ச் செத்தான் என்றா? என் தம்பியின் சாவை எடுத்து இத்தனை சின்னதாக்கிக் கொடுக்க உனக்கு எப்படி மனம் வந்தது?

ஊரில் உள்ள சவங்களை எல்லாம் எழுதி எழுதி உனக்கு மனது மரத்துவிட்டது. அது உன் வேலை. ரம்ஸி உன் வேலை இல்லை. அவன் தாளை எடுத்துவிடு.

இனி எனக்கு எழுதவேண்டாம்.

நுஹா


நாப்லுஸ்
24 ஜூலை 1988

நுஹாவுக்கு,

எழுதாதே என்றாய். நான் எழுதவில்லை, அம்மா எழுதச் சொல்கிறார். பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், அவர் சொன்ன பகுதியை மட்டும் வாசித்துக் காட்டுகிறேன்.

ரம்ஸி எப்படி இறந்தான் என்று கேட்டு எங்கள் வக்கீல் ராணுவத்துக்கு எழுதியிருந்தார். போன வாரம் பதில் வந்தது. வீட்டாருக்குச் சொல்லவேண்டியது முறை என்பதால் நான் எடுத்துக்கொண்டு போனேன். ‘கூரையிலிருந்து படையினர்மீது கற்களை வீசிய ஒருவர் சுடப்பட்டார்’ என்று இருந்தது. அம்மா இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“சுவத்துல ஒட்டியிருக்கிறதும் இதானே?” என்றார்.

“ஆமாம்மா.”

“சுட்டவனும் இதச் சொல்றான். நம்ம பசங்களும் இதச் சொல்றாங்க. அப்ப என் பிள்ளையப் பத்தி யாருதான் சொல்றது?”

அவர் எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தொழுகைக்கு உட்காருவதுபோல உட்கார்ந்தார். “எடு அந்தக் காயிதத்த” என்றார்.

அவர் சொன்னதை அப்படியே கீழே தருகிறேன். தாளிலும் இப்படித்தான் எழுதினேன்.

“நாந்தான் அனுப்பினேன். ‘ஊரடங்கும்மா, இன்னைக்குப் படம் பாக்காட்டி என்ன’ன்னான். ‘நம்ம வீட்டு மாடிதானேடா, தெருவா’ன்னேன். சிரிச்சுக்கிட்டே ஏறினான். நான் படிக்கட்டுக்குக் கீழ நின்னு டி.வி.யப் பாத்துப் பாத்துச் சொன்னேன். வலப்பக்கம்னேன். திருப்பினான். போச்சுடா, இடப்பக்கம்னேன். ‘ஒரு முடிவுக்கு வாம்மா’ன்னு மேலேருந்து கத்தினான். அப்புறம் சத்தம் கேட்டுச்சு. ஆன்டெனா விழுந்துருச்சுன்னு நெனச்சேன். கல்லு எதும் இல்ல. எங்க மாடியில கல்லே கெடையாது, காயப்போட்ட மல்லுகியாக் கீரைதான் கெடந்துச்சு. வந்து பாக்கச் சொல்லு.”

அந்தச் சுவரொட்டியை ஒட்டிய இயக்கத்துப் பையன்கள் இருவர் மறுநாள் வந்தார்கள். யார் சொன்னார்களோ. “இப்படிச் சொன்னா அவன் பேருக்குக் குறைவு இல்லையா, அம்மா?” என்று பணிவாகத்தான் கேட்டார்கள். அம்மா அவர்களுக்குத் தேநீர் கொடுத்தார். “நீங்க ஒட்டின படத்தக் கிழிக்கல. அதுல நல்லாத்தான் இருக்கான். கீழ இருந்த எழுத்த மட்டும் கத்தரிச்சுட்டேன். என் பிள்ளைக்குப் பேரு அவங்க அப்பா வெச்சது. அது போதும்” என்றார். பையன்களில் ஒருவன் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே அழுதான்.

அம்மா கேட்கிறார்: “அவ கோவிச்சுக்கிட்டாளா?” இல்லை என்று சொல்லிவிட்டேன். முழங்கால் வலி பரவாயில்லையாம். சின்னவளுக்கு அம்மைத் தழும்பு ஆறிவிட்டதா என்றும் கேட்கச் சொன்னார்.

இப்திசாம்


குவைத்
18 செப்டம்பர் 1988

இப்திசாம்,

அம்மாவிடம் சொல், தழும்பு ஒன்றுகூட இல்லை என்று.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தேன். கிழித்த கடிதத்தின் துண்டுகளைத் தேடினேன் என்றால் நம்புவாயா?

போன வியாழக்கிழமை இங்கே நம் ஊர்ப் பெண்கள் சங்கத்தில் ஒரு கூட்டம். தியாகிகளின் சகோதரிகள் பேசவேண்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் ரம்ஸியின் சுவரொட்டி, பெரிதாக. பேசவேண்டியதை இவர் அழகாக எழுதிக் கொடுத்திருந்தார். ஒலிபெருக்கிமுன் போய் நின்றேன். முதல் வரியே ‘சிங்கம்’ என்று இருந்தது. அதை வாசிக்க வாய் வரவில்லை. “ஒரு முடிவுக்கு வாம்மா” என்று அவன் கத்தியதுதான் காதில் கேட்டது. அது அவன் குரல்தான், இப்திசாம். அவன் பொறுமை போய்விட்டால் அப்படித்தான் கத்துவான். சுவரொட்டியில் அந்தக் குரல் இல்லை.

தாளை மடித்துவிட்டு, “என் தம்பி எங்கம்மாவுக்காக ஆன்டெனா திருப்பப் போனான். அப்பதான் சுட்டாங்க” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். முன்வரிசையில் இவர் தலையைக் குனிந்துகொண்டார். தவறு செய்துவிட்டேன் என்று நினைத்து இறங்கப் போனேன்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி, ஜெனின் பக்கத்துக்காரி, எழுந்து நின்று கேட்டாள்: “படம் வந்துச்சா மகளே?”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோருமே சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு முடியும்முன்னே அழுதார்கள். எத்தனை பேர் வீட்டு மாடியில் எத்தனை பேர் அப்படித் திருப்பியிருப்பார்கள்! அண்ணன், அப்பா, நான்கூட ஏறியிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். யாரும் சுவரொட்டியைப் பற்றிப் பேசவில்லை. ‘உன் தம்பிக்கு என்ன பிடிக்கும், எப்படிச் சிரிப்பான்’ என்றுதான் கேட்டார்கள். சாவுக்குப் பிறகு முதல்முறையாக அவனைப் பற்றி வாய் ஓயாமல் பேசினேன்.

வீட்டுக்கு வந்து மகனை மடியில் வைத்து எல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டான். மறுநாள் காலை படத்தின்முன் வழக்கம்போல நின்றான். நெஞ்சில் கை வைக்கவில்லை, கையை ஆட்டிவிட்டுப் போனான்.

அந்தக் கிழவிக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரியாதே. அம்மாவிடம் கேட்கிறாயா? அவர் மனம் தாங்கும் என்று உனக்குத் தோன்றினால் மட்டும் கேள்.

உனக்கு நான் எழுதியதை எல்லாம் நீயும் கிழித்துவிடு. இதை மட்டும் வைத்துக்கொள்.

உன்
நுஹா


நாப்லுஸ்
9 அக்டோபர் 1988

என் நுஹாவுக்கு,

கேட்டேன். கேட்பதற்கு முன் தெருமுனைவரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன். அம்மா ஊறுகாய்க்கு ஆலிவ்காயைக் கல்லால் தட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் கல் நின்றது. இன்னொரு காயை எடுத்து வைத்துத் தட்டினார்.

“வந்துச்சு” என்றார். “அந்தச் சத்தத்துக்கு முந்தி, பளிச்சுனு வந்துச்சு. ‘வந்துருச்சுடா, போதும், எறங்கி வா’ன்னு கத்தினேன். ‘வரேம்மா, டீய ஊத்து’ன்னான்.”

இதையும் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

“எழுதிக்க” என்றார்.

எழுதிவிட்டேன்.

உன்
இப்திசாம்