கொப்ஸ்லி கிறீனில் இருந்த ஜெராட்

11 பெப்ரவரி 2025, செவ்வாய்

மழை. மனைவி சிவகௌரி முழங்கால் பயிற்சிக்குப் போயிருக்கிறாள்.

நூலக வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு எனக்கு வந்த ஒரே கெட்ட பழக்கம், இங்கிலாந்துக் கிராமங்களின் வரலாற்றுச் சங்கங்கள் இணையத்தில் போடுவதை வாசிப்பது. இன்று ஒரு சங்கம், குதிரைகள் தண்ணீர் குடித்த கல்தொட்டியைப் பற்றிப் பதினான்கு பக்கம் எழுதியிருக்கிறது. இரண்டு உலகப் போர்களுக்கும் சேர்த்து ஆறு பக்கம். தொட்டி இன்னும் இருக்கிறது என்பது காரணமாக இருக்கலாம்.

பிறகு கொப்ஸ்லி கிறீன். சஃபோக்கில் ஒரு சிறிய ஊர். 1986 முதல் 1989 வரை அங்கே பெற்றோல் ஸ்டேஷனிலும் அதனோடு ஒட்டிய கடையிலும் வேலை செய்தேன். வருடத்துக்கு ஒரு தடவை அந்த ஊரின் பக்கத்தைத் திறப்பேன். ஒன்றும் இருக்காது. மூடிவிடுவேன். இன்று இருந்தது. ஊரில் வளர்ந்தவர்களின் சிறுவயது நினைவுகளைப் புத்தகமாக்கப் போகிறார்களாம். செப்டெம்பரில் வெளியீடு. இதுவரை பதினேழு பேர் எழுதியிருக்கிறார்கள்.

பதினேழு பேருடைய சிறுவயதிலும் ஒவ்வொரு நத்தாருக்கும் பனி கொட்டியிருக்கிறது. நான் பார்த்த மூன்று நத்தாருக்கும் தூறல்தான். பதினேழு பேரும் கதவைப் பூட்டாமல் வாழ்ந்திருக்கிறார்கள். எங்கள் கடையில் அதிகம் விற்ற சாமான் பூட்டு.

அதில் ஐந்து பேர் 'ஜெரி' என்று ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பெற்றோல் ஸ்டேஷன் ஜெரி. சைக்கிளுக்குக் காற்று அடித்துக் கொடுத்த ஜெரி. ஒரு படமும் இருக்கிறது: 1987 நத்தார் விழா, வெள்ளைத் தாடி, சிவப்பு உடுப்பு. கை ஏன் மண்ணிறமாக இருக்கிறது என்று கேட்டதற்கு நத்தார் தாத்தா 'புகைபோக்கி வழியாக வந்தேன்' என்றாராம். அதைப் பதின்மூன்று வயதுவரை நம்பியதாக ஒருவர் எழுதியிருக்கிறார். சங்கச் செயலாளர் ஹெலனுக்கு அப்போது ஏழு வயது. அவர் எழுதியிருப்பது: 'அந்த வருடத் தாத்தா அதிகம் பேசவில்லை. கண் சிவந்திருந்தது. அதுவும் புகைதான் என்று நினைத்தேன்.'

கீழே ஓர் அறிவித்தல். ஜெரியைத் தேடுகிறோம். முழுப்பெயர் ஜெராட் அன்ரனிப்பிள்ளை. தெரிந்தவர்கள் எழுதவும்.

ஜெரி நான். ஜெராட் அன்ரனிப்பிள்ளை நான் அல்ல.

அந்த நாளில் எனக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. ஈஸ்ட்ஹாமில் என்னோடு ஒரே அறையில் இருந்த ஜெராட்டுக்கு இருந்தது. அவன் தன் பெயரையும் வேலை நம்பரையும் தந்தான். நான் அதைப் போட்டுக்கொண்டு கொப்ஸ்லி கிறீனுக்குப் போனேன். அவன் லண்டனில் ஒரு பாண் சுடுகிற தொழிற்சாலையில் அதே பெயரில் இரவு ஷிப்ட் செய்தான். ஒரு பெயரில் இரண்டு பேர் சீவிப்பதை அப்போது ஒருவரும் நெருக்கடியாக நினைக்கவில்லை. ஒரு அறையில் ஒன்பது பேர் இருந்தோம்.

12 பெப்ரவரி

சிவகௌரிக்குக் காட்டினேன்.

"எழுதுங்கோவன். தேடுகினம் எல்லே."

பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தபோது அந்த மூன்று வருடத்துக்கு நேரே 'வேலை இல்லை, நண்பருடன் தங்கியிருந்தேன்' என்று எழுதிக் கையொப்பம் வைத்தவன் நான். சொன்னேன்.

"குரோய்டன் இமிகிரேஷனில ஒராள் கதிரை போட்டு இருந்து சஃபோக் சரித்திரம் வாசிக்கிறாரோ?"

இல்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, வாசல் மணி அடித்தால் இன்னும் முதலில் யன்னலால் பார்க்கிறேன்.

எழுதவில்லை.

9 மார்ச், ஞாயிறு

அறிவித்தல் வாட்ஸப்புக்கு வந்துவிட்டது. ஒரு மரண அறிவித்தலுக்கும் கோப்பாயில் காணி விற்பனைக்கும் நடுவில். பின்னேரம் பிளேஸ்டோவிலிருந்து ஜெராட் போன் எடுத்தான்.

"மச்சான், நிஷாந்த் வந்தவன். பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு."

"நல்லதுதானே."

"போனைக் காட்டி, அப்பா இது நீங்களோ எண்டு கேட்டான். தாடியோட ஒருத்தன் நிக்கிறான்."

"நீ என்ன சொன்னனி?"

"ஓம் எண்டு வாயில வந்திட்டுதடா."

நிஷாந்த் அவனுடைய ஒரே மகன். கண் பரிசோதிக்கிற தொழில். இரண்டு வருடத்துக்கு முன் ஏதோ வாக்குவாதத்தில், 'நாற்பது வருஷம் இந்த நாட்டில இருந்து பாணைத் தவிர ஒருத்தரையும் உங்களுக்குத் தெரியாது' என்று தகப்பனைச் சொல்லிவிட்டுப் போனவன். அதன்பிறகு நத்தாருக்கு மட்டும் வருவான். இந்தக் கிழமை இரண்டு தடவை வந்திருக்கிறான்.

"அவன் என்னைப் பாத்த பார்வையை நீ பாக்கேல்லை" என்றான் ஜெராட்.

சரி என்று சொல்லிவிட்டேன். பெயர் அவனுடையது, சொந்தக்காரன் திருப்பிக் கேட்டால் கொடுப்பதுதான் முறை. அதற்குள் இருந்த மூன்று வருடம் யாருடையது? அதற்கு விதி இருப்பதாகத் தெரியவில்லை. எனக்குப் பயப்படுகிற வேலையும் மிச்சம். நல்ல ஏற்பாடு.

10 மார்ச்

நித்திரை சரியில்லை. கடலை வடை காரணம்.

6 ஏப்ரல், ஞாயிறு

பிளேஸ்டோவுக்குப் போனேன். ஜெரி தன் தகப்பன்தான் என்று நிஷாந்த் சங்கத்துக்கு எழுதிவிட்டானாம். அவன் மூலமாக ஹெலன், ஜெரியிடமிருந்து ஒரு பக்கம் கேட்டிருக்கிறார். பிள்ளைகள் அவரைப் பற்றி எழுதியாயிற்று, அவர் பிள்ளைகளைப் பற்றி எழுதவேண்டுமாம்.

ஜெராட் என்னைச் சமையலறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினான்.

"நீ எழுதித் தா."

"என்னடா இது?"

"எனக்கு என்னடா தெரியும்? அந்த ஊர் மலையோ பள்ளமோ எண்டும் தெரியாது. ஆனா கேள், என்ர இங்கிலீசு மாதிரி எழுது. கொஞ்சம் பிழை விடு."

"எத்தினை?"

"நாலைஞ்சு. அதுக்காக நாறடிச்சுப் போடாத."

ஆக, முப்பத்தாறு வருடம் கழித்து மறுபடியும் அவனுடைய பெயரில் வேலை. இந்தத் தடவை சீருடை இல்லை.

19 ஏப்ரல், சனி

எழுதி முடித்தேன். இருபத்திரண்டு வருடம் மற்றவர்களுடைய நினைவுகளை அகரவரிசையில் அடுக்கிய எனக்கு, சொந்தமாக ஒரு பக்கம் எழுத எட்டு நாள் பிடித்தது. முதலில் வேடிக்கையாகத்தான் எழுதினேன். வழமையாக நத்தார் தாத்தாவாக வரும் தபால்காரர் ஏணியிலிருந்து விழுந்தது. அவருடைய உடுப்பு ஊரில் எனக்கு மட்டுமே அளவாக இருந்தது. தாடியில் முன் வருடத்துச் சூப்பு மணந்தது.

பிறகு, கண் ஏன் சிவந்திருந்தது என்று ஹெலன் எழுதியிருந்தாரே, அதற்கும் ஒரு பந்தி. அன்று காலையில் கடிதம் வந்தது. அம்மா செத்து ஏழு கிழமை ஆகியிருந்தது. ஒக்டோபர் சண்டையில் யாழ்ப்பாணத்தில் தபால் ஓடவில்லை. கடிதத்தைச் சிவப்பு உடுப்பின் பைக்குள் வைத்துக்கொண்டு நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்குப் பொதி கொடுத்தேன். தாடி பெரிய உதவி.

நான்கு பிழை விட்டேன். ஐந்தாவது மனம் வரவில்லை.

22 ஏப்ரல்

'சோக்கா இருக்கு' என்று ஜெராட் செய்தி அனுப்பினான். வாசித்திருக்கமாட்டான். நேரே நிஷாந்துக்கு அனுப்பியிருப்பான்.

27 ஏப்ரல், ஞாயிறு

பதினொரு மணிக்கு வாசல் மணி. யன்னலால் பார்த்தேன். நிஷாந்த், தனியாக, கையில் தாள்.

கதிரையில் இருக்கவில்லை.

"மாமா, அப்பம்மா 2009லதான் மோசம் போனவ."

கதிரையை அவன் பக்கம் இழுத்துவிட்டேன்.

"ஆறு வருஷம் அவதான் என்னை ஸ்கூலுக்குக் கூட்டிக்கொண்டு போனவ. 1987ல செத்த ஆள் எப்பிடிக் கூட்டிக்கொண்டு போறது?"

"தேத்தண்ணி போடுறன், இருந்து கதையுங்கோ" என்று சிவகௌரி உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். அவள் தேத்தண்ணி போடவில்லை. கேட்டுக்கொண்டு நின்றாள்.

"இது ஆரின்ர அம்மா, மாமா?"

"என்ர."

அவன் அப்போதுதான் கதிரையில் இருந்தான். தாளை மறுபடி முதலிலிருந்து வாசித்தான். வாசித்து முடித்து, "அப்ப அப்பா சும்மா பேரை மட்டும்தான் குடுத்தவரோ?" என்றான்.

அந்தச் சும்மாவுக்காகத்தான் மிச்சத்தையும் சொன்னேன். 1988இல் ஓர் அலுவலகம் ஜெராட்டைக் கூப்பிட்டது. ஒரே ஆள் இரவில் லண்டனிலும் பகலில் சஃபோக்கிலும் எப்படி வேலை செய்கிறார் என்று கேட்டார்கள். ரயிலில் நித்திரை கொள்வேன் என்றான். ஒன்றரை மணித்தியாலம் திருப்பித் திருப்பி அதையே சொன்னான். என் பெயரை ஒரு தடவை சொல்லியிருந்தால் அவன் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கலாம். நான் பிளேனில் கட்டுநாயக்காவுக்குப் போயிருப்பேன். அதன்பிறகு ஒரு வருடம், லீவு நாளில் உண்மையாகவே ரயிலேறி வந்தான், கேட்டால் ரிக்கெற் காட்ட. கொப்ஸ்லி கிறீனுக்குக் கிட்டிய ஸ்டேஷனில் இறங்கி, ஒரு தேத்தண்ணி குடித்து, அடுத்த ரயிலில் திரும்பிவிடுவான். ஊருக்குள் வரமாட்டான். இரண்டு ஜெராட்டை ஒருவரும் ஒன்றாகப் பார்க்கக்கூடாது.

நிஷாந்த் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் என்னையும் சேர்த்துச் சொல்ல வேணும்."

"ஹெலனுக்கு நான் என்ன சொல்ல?"

தெரியாது என்றேன். "அப்ப நீங்களே யோசியுங்கோ மாமா. நான் அப்பாட்டப் போறன்" என்று எழும்பினான்.

ஜெராட்டின் தாயை எனக்கு இருபது வருடம் தெரியும். அவருடைய கையால் சாப்பிட்டிருக்கிறேன். செத்தவீட்டில் பெட்டி தூக்கியிருக்கிறேன். அந்தப் பந்தியை எழுதும்போது அவர் நினைவுக்கு வரவில்லை. அப்படித்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

28 ஏப்ரல்

ஜெராட் எடுத்தான்.

"விசரா! என்ர அம்மாவைச் சாக்காட்டிப் போட்டியே!"

"உன்ர அம்மாவை இல்லை. என்ர அம்மாவை."

"அது சரி." பின்னால் பேரப்பிள்ளைகளின் சத்தம் கேட்டது. "கடிதம் வந்த அண்டைக்கே உந்தக் கூத்தும் போட்டனி எண்டு நீ எனக்குச் சொல்லேல்லையே."

"நீ கேக்கேல்லை."

"மூதேவி" என்றான். பிறகு, நிஷாந்த் நேற்று இரவுச் சாப்பாட்டுக்கும் நின்றான் என்றும், எந்த ஸ்டேஷனில் தேத்தண்ணி குடித்ததென்று திரும்பத் திரும்பக் கேட்கிறான் என்றும் சொன்னான்.

4 மே, ஞாயிறு

ஹெலனுக்குக் கடிதம். மூன்று தடவை எழுதி அழித்தேன். நான்காவதில் என் பெயரை முதல் வரியிலேயே போட்டேன்.

அனுப்பியாயிற்று. அறுபத்தைந்து வயதில் இதென்ன வேலை? பிடிச்சால்? பிடிச்சு என்ன செய்வாங்கள் – என்ன, முழங்கால் நோவோட ஒருத்தியையும் சேத்து அனுப்புவாங்களோ? விசர். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

9 மே

ஹெலன் பதில். மிகவும் மரியாதையானது. ஆனால் அச்சுக்குப் போகும் பெயரை மாற்ற இரண்டு சாட்சி தேவை என்பது சங்கத்தின் விதி. 1974இல் குளத்தின் அகலம் பற்றி நடந்த சண்டைக்குப் பிறகு வந்ததாம். ஜெராட் ஒரு சாட்சி. மற்றது? அந்த மூன்று வருடமும் என்னை என் பெயரில் தெரிந்த ஒருவர்கூட அந்த ஊரில் இல்லை. அப்படி ஒருவர் இருந்திருந்தால் நான் அங்கே இருந்திருக்கமாட்டேன். இதை அப்படியே எழுதி அனுப்பினேன். போகிற போக்கில், புத்தகத்தில் எல்லோரும் கதவைப் பூட்டாமல் தூங்கியதாக இருக்கிறது, ஆனால் கடையில் அதிகம் விற்றது பூட்டுத்தான் என்றும் சேர்த்தேன். உண்மை ஒன்றாவது சொன்னதாக இருக்கட்டும்.

10 மே

ஹெலன்: 'என் அப்பா உங்களிடம் நான்கு பூட்டு வாங்கினார். இதை வேறு எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இரண்டாவது சாட்சியாக நான் கையொப்பமிடுகிறேன்.'

31 ஜூலை

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. பூட்டு விஷயத்தைச் சேர்க்கக்கூடாதென்று குழு ஐந்துக்கு நான்கு என்று முடிவு செய்திருக்கிறது.

13 செப்டெம்பர், சனி

நிஷாந்த் கார் ஓட்டினான். முன்னுக்கு ஜெராட், பின்னுக்கு நானும் சிவகௌரியும். ஊருக்குள் நுழைந்ததும் ஜெராட் கண்ணாடியை இறக்கி இரண்டு பக்கமும் பார்த்து, "இதுக்கே இவ்வளவு எடுப்பு?" என்றான். பெற்றோல் ஸ்டேஷன் இருந்த இடத்தில் நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள்.

மண்டபத்தில் எழுபது பேர் இருக்கலாம். படம் நாற்பத்தோராம் பக்கத்தில். கீழே: 'நத்தார் தாத்தா, 1987. படத்தில் செல்வரத்தினம். பெயர் உதவி: ஜெராட் அன்ரனிப்பிள்ளை.' நிஷாந்த் ஆறு புத்தகம் வாங்கினான். ஜெராட்டைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று ரயில் கதையைக் கேட்டார்கள். அவன் ரயிலில் சம்பவங்கள் சேர்த்துக்கொண்டே போனான். கதை வரலாறாக மாறுவதை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை.

பிறகு என்னை ஒரு மேசையில் இருத்தி, எழுதியவர்கள் எல்லோரும் அவரவர் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். முதல் புத்தகத்தில் கை தன்பாட்டில் ஜெராட் என்று போட்டுவிட்டது. பின்னால் நின்ற ஜெராட் எட்டிப் பார்த்தான்.

"என்னைவிட வடிவாப் போடுறாய், நாயே."

புத்தகத்தைக் கொண்டுவந்த பெண், அதை மாற்ற வேண்டாம் என்றாள். தனக்கு நான் ஜெரிதானாம்.

இரண்டாவதிலிருந்து என் பெயர். கையெழுத்துக்கென்று சங்கம் அச்சடித்திருந்த கோடு சிறியது. அந்த ஊர்ப் பெயர்களின் அளவுக்குப் போட்டது. செல்வரத்தினம் பாதியில் முடிந்தது. மிச்சத்தை அடுத்த வரிக்குக் கொண்டுபோனேன். இருபத்தெட்டுப் புத்தகம். வரிசை வாசல்வரை நின்றது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.