உன் லேப்டாப்புக்குள்ளே இன்னொரு மிஷின்

என் சண்டைக்காரி தங்கச்சி எஸ்தருக்கு,

காசிமேட்டிலிருந்து அண்ணன் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோச்சுக்காதே. உன் லேப்டாப்பைத் தொட்டுவிட்டேன். "போட் எஞ்சின நோண்டின கை, பூரா டீசலு, கிட்ட வராத"ன்னு விரட்டுவியே, அதே லேப்டாப்பு. சோப்பு போட்டு ரெண்டு தடவை கழுவிவிட்டுத்தான் தொட்டேன். சாட்சி உன் பொண்ணு.

விஷயம் இதுதான். ஜெனி காலேஜில் லினக்ஸ்னு ஒண்ணு படிக்கிறாள். கம்ப்யூட்டரை ஓட்ட விண்டோஸ் இருக்கில்ல, அந்த மாதிரி இது வேறயாம். திங்கட்கிழமை லேப்டாப்பைக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டணும். "பழசை மொத்தமா அழிச்சிட்டுப் போட்டுடும்மா, சுலபம்" என்று அவங்க சார் சொல்லிவிட்டார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. அது யாரோட லேப்டாப்புன்னு அவருக்கு எப்படித் தெரியும்?

இவள் மாட்டவே மாட்டேன் என்றுவிட்டாள். உன் ஃபோட்டோ எல்லாம் பென்டிரைவில் பத்திரமா இருக்கு. ஆனா ஸ்கிரீன் முழுக்க நீ வாரி இறைச்சு வெச்சிருக்கியே, அதை எந்தப் பென்டிரைவில் எடுப்பது? வறுத்த வஞ்சிரத்தை வால்பேப்பரா வெச்ச பொம்பளை ராயபுரத்துலயே நீ ஒருத்திதான். குப்பைத் தொட்டிப் படத்தைக் கொண்டுவந்து நட்ட நடுவுல வெச்சிருக்கே. ஜெனி சொன்னாள்: "எங்கம்மா வெச்சது வெச்ச எடத்துலயே இருக்கணும் மாமா."

அதனால் வேறு வழி பிடித்தாள். உன் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பொய்க் கம்ப்யூட்டர். வர்ச்சுவல் மிஷினாம். சின்ன ஜன்னல் மாதிரி திறக்கும், லினக்ஸ் அதுக்குள்ள தனியா ஓடும், உன் சாமான் எதையும் தொடாது. கேட்டதும் எனக்கு ஒரே குஷி. அது ஓடலைன்னா, சார் சொன்னபடி அழிக்க வேண்டியதுதான். ரெண்டு பேருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து, மத்தியானம் உட்கார்ந்தோம். உன் வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார். முதலில் அந்தப் பொய் மிஷின் கிளம்பவே இல்லை.

"எங்கனா ஒரு வால்வு மூடிகினு இருக்கும், பாருடி" என்றேன்.

போனில் தேடிப் பார்த்தாள். லேப்டாப்பை அணைத்து, திரும்பக் கிளம்பும்போது ஒரு பட்டனைத் தட்டி உள்ளே போனால், வர்ச்சுவல் மிஷினுக்கான சுவிட்சு நிஜமாகவே ஆஃப்! போட்டாள். கிளம்பியது. "இன்னா மாமா, நீயும் காலேஜுக்கு வந்துடு" என்றாள். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

அப்புறம் வந்தது பார் ஒரு கேள்வி. டிஸ்க்கை அழித்துவிட்டுப் போடவா என்று. ஜெனி மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"இது பொய் டிஸ்க்கதான் சொல்லுது மாமா. ஆனா அம்மாவோடதா இருந்துட்டா?"

நான் நாலாங்கிளாஸ் படித்தவன், எனக்குத் தெரிஞ்சது டீசல் டேங்குதான். "எவ்ளோ பெருசுன்னு போட்டுகீது பாரு. ரெண்டு டேங்கும் ஒரே சைஸா?" என்றேன்.

அங்கே இருபத்தஞ்சு ஜி.பி. உன் நிஜ டிஸ்க்கு ஐநூறு. அப்போ அழியப் போறது உன்னோடது இல்லை! கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். வஞ்சிரம் அசையாமல் பின்னாடியே இருந்தது.

போட்டு முடிந்தது என்றதும் கை தட்டினேன். அவசரப்பட்டுவிட்டேன். திரும்ப ஓட்டினால் மறுபடி முதல் பக்கம்: எந்த மொழி வேணும்? இன்னொரு அரைமணி நேரம் போட்டாள். மறுபடி, எந்த மொழி வேணும்? மூணு தடவை எஸ்தரு!

"இன்னாடி இது, துன்னுட்டு கை கழுவினவன் மறுபடி வாசல்ல போய் பெல்லு அடிக்கிறான்!"

அவள் சிரிக்கவில்லை. "அழிச்சிடலாம் மாமா. பரவால்ல" என்றாள்.

பரவால்லன்னு நீ சொல்வியே, உதட்டைக் கடித்துக்கொண்டு, அதே மாதிரி. எனக்குத் தாங்கவில்லை. நாலாவது தடவை போடவைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, வர்ற ஒவ்வொரு வரியையும் படிச்சுச் சொல்லு என்றேன். கடைசி வரி வந்தது.

"இன்ஸ்டால் பண்ற டிஸ்க்க எடுத்துட்டு என்டர் தட்டுன்னு போட்டுகீது மாமா."

"எடுத்தியா?"

"எங்க மாமா டிஸ்க்கு? இது டவுன்லோடு பண்ணது. வெறும் என்டர்தான் தட்டினேன்."

"அடிப்பாவி! பொய் மிஷின்ல பொய் டிஸ்க்கு சொருகிதானே இருக்கும்? கையால சுத்தி ஸ்டார்ட் பண்ற எஞ்சின் புடிச்சதும் இன்னா பண்ணுவோம்? ஹேண்டில உருவிடுவோம்ல? உருவுடி அத!"

தேடினாள். செட்டிங்கில் ஒரு குட்டி சி.டி. படம், அதில் நாங்கள் இறக்கிய ஃபைல் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டு ஓட்டினாள். கறுப்பு. கறுப்பு. அப்புறம் ஜெனின்னு பேர் போட்டு பாஸ்வேர்டு கேட்டது! நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டக்கா ஓடி வந்துவிட்டாங்க.

"யாருக்கு இன்னாய்யா ஆச்சு?"

"லினக்ஸ் வந்துடுச்சிக்கா!"

"யாரு அவரு?"

ஜெனி அப்போதுதான் சிரித்தாள். ஜன்னலைச் சின்னதாக்கினாள். பின்னாடி உன் ஸ்கிரீன், ஒரு துரும்பு அசையவில்லை. ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டு. கிட்டே போய்ப் பார்த்தேன். "அண்ணன் பிரஷர் மாத்திரை போடறாரான்னு கேக்கணும்." எப்போ எழுதினே? நீ கண்ணை மூடறதுக்கு முன்னாடி ஏன் கேட்கவே இல்லை? போடறேன்டி. இப்போ தினமும் போடறேன்.

திங்கட்கிழமை சார் பார்த்துவிட்டு, "அழிக்காமலே போட்டுட்டியா, நல்லாயிருக்கே" என்றாராம். காலேஜிலிருந்தே எனக்குப் போன்.

ஒண்ணு மட்டும் உறுத்தியது. உன் லேப்டாப்பு ஃபேன் இப்போ முனகுது. நிக்காத எஞ்சினை நான் பார்த்ததில்லை. ஜெனியிடம் கேட்டேவிட்டேன்.

"அதுக்கும் இதேதான் மாமா. அம்மா கம்ப்யூட்டரு மொத்தத்தையும் அப்படியே ஒரு ஃபைலா எடுக்கலாமாம். வேற லேப்டாப்புல, இதே மாதிரி ஒரு ஜன்னலுக்குள்ள, அம்மாவோடத ஓட்டலாம்."

கேட்டியா எஸ்தரு? இன்னிக்கு லினக்ஸுக்கு நீ இடம் கொடுத்தே. நாளைக்கு உனக்கு இன்னொரு லேப்டாப்பு இடம் கொடுக்கும். அந்த ஃபேன் நிக்கறதுக்குள்ள இதைச் செய்து முடிப்போம், சத்தியம். உன் பொண்ணு படிச்சுச் சொல்வாள், நான் ஒரு வரி விடாமல் கேட்பேன்.

இன்னமும் உன்னை வம்புக்கிழுக்கும்,
உன் கூடப்பிறந்த அண்ணன்
தாஸ்