எனக்கு எதிராக ஒரு காசும் இல்லை

அன்பு மகள் ஹெய்டிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம், நாய் க்ளோவர்தான் கொஞ்ச நாளாக ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியது, இப்போது அதுவும் ஓடுகிறது, யார் கைபட்டு ஓடுகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன், அதை எழுதவே வயிறு எரிகிறது. வாஷிங்டன் வெயிலில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அந்தக் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்து முதுகைக் கெடுத்துக்கொள்ளாதே. ஃபோனில் நீ இரண்டு முறை செய்தி விட்டும் நான் திரும்பக் கூப்பிடவில்லை என்று உனக்குக் கோபம் இருக்கும், அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நவம்பர் தேர்தலில் நம் கட்சிக்கு வேட்பாளர் யார், நானா, கோலீனா, பிரேடியா என்பதை நாளை ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள், இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எண்ணி முடித்திருப்பார்கள், அதனால் இனி எதையும் மறைத்துப் பயனில்லை.

கிரிப்டோ கம்பெனிகள் எந்தத் தேர்தலில் யாருக்காக, யாருக்கு எதிராகப் பணத்தைக் கொட்டுகின்றன என்று கண்காணிப்பது உன் வேலை. போன மாதம் உன்னிடம் என் பெயரையும் பார்க்கச் சொன்னேன், நினைவிருக்கிறதா? "அப்பா, கோலீனுக்கு எதிரா கொட்டோ கொட்டுன்னு கொட்டுறாங்க, பிரேடியைத் தூக்கிவிடறாங்க, உங்களுக்கு எதிரா ஒரு காசும் இல்ல, நிம்மதியா இருங்க" என்றாய். நிம்மதியாவது! அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. நீயே சொல், நம் ஊரில் அவர்கள் கம்ப்யூட்டர் கிடங்கு கட்ட வந்தபோது, அந்த மின்விசிறிகளின் இரைச்சலில் மாடு பால் கறக்காது என்று ஊர் மன்றத்தில் மேசையைத் தட்டி அனுமதி கிடையாது என்று விரட்டியது யார்? உன் அப்பா டேல் க்ராடோச்வில். கோலீன் வாண்டஹே என்ன செய்துவிட்டாள், பெட்ரோல் பங்குகளில் வைத்திருக்கும் கிரிப்டோ மெஷினில் வயதானவர்கள் பணத்தைப் போட்டு ஏமாறாமல் இருக்க மாநில மன்றத்தில் ஒரு சட்டம் கொண்டுவந்தாள், அவ்வளவுதான். அவளைப் பார்த்து மட்டும் அவர்களுக்கு நடுக்கமாம். டிவியைப் போட்டால் அவளைத் திட்டி விளம்பரம், அதில் கிரிப்டோ என்ற பேச்சே கிடையாது, மன்றத்துக்கு மட்டம் போட்டாள், சாலைப் பணத்தைக் கோட்டைவிட்டாள் என்று என்னென்னவோ. திட்டத் திட்ட ஊரே அவளுக்காக உருகுகிறது. என்னைத் திட்ட ஒரு நாதி இல்லை.

இது இன்று நேற்று வந்த எரிச்சல் இல்லை என்பது உனக்கும் தெரியும். முப்பது வருஷம் பால் லாரி ஓட்டினேன், பனிக் குவியலில்கூட ஒரு நாள் தவறியதில்லை. எந்தப் பண்ணையில் போய் நின்றாலும் என்னைக் கண்டதும் அவர்கள் பேசுவது மாட்டு டாக்டர் கோலீனைப் பற்றித்தான், கோலீன் வந்தா, கோலீன் கன்னுக்குட்டியை இழுத்துப் போட்டா, கோலீன் காசே வாங்கல. என் லாரியைப் பற்றி ஒருத்தன் வாயைத் திறந்ததில்லை.

அப்படி இருக்கும்போது தபாலில் ஒரு பளபளப்பான அட்டை வந்தது பார், என் படம், பின்னால் என் பழைய லாரி, 'டேல் க்ராடோச்வில், யாருக்கும் வளையாதவர், கோலீனைவிட உறுதியானவர்' என்று கொட்டை எழுத்தில். மறுநாள் இன்னொன்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன். கீழே பொடி எழுத்தில் யார் செலவு என்று போட்டிருக்குமே, அந்த இடத்தின் மேல் பாலாடைக்கட்டி மாதிரி இருக்கும் காந்தத்தை வைத்தேன், தற்செயலாக வைத்தேன் என்றால் நீ சிரிப்பாய். உன் அம்மா, "யார் அனுப்பினாங்கன்னு பாரேன் டேல்" என்றாள். தேர்தலில் பணம் செலவழிக்கும் வெளிக் குழுக்களோடு வேட்பாளர் பேசவே கூடாது, விதி இருக்கிறது என்று நான் சட்டம் பேசினேன். பேசக் கூடாது என்றுதான் விதி, படிக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. நீ கூப்பிட்டபோதும் அந்த விதியின் பின்னால்தான் ஒளிந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் எல்லோர் கையையும் குலுக்கினேன், கோலீன் மூலையில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்க எனக்கு எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது தெரியுமா.

சனிக்கிழமை காலையில் அவளே வீட்டுக்கு வந்துவிட்டாள். க்ளோவர் நொண்டிக்கொண்டே அவளிடம் ஓடியது, நாய்க்குக்கூட அவள்தான் வேண்டும். வாசலிலேயே மண்டி போட்டு அதன் பாதத்தைப் பிரித்துப் பார்த்து, விரலிடுக்கில் செருகியிருந்த புல் முள்ளை எடுத்துவிட்டுத்தான் என்னிடம் பேசினாள். இரண்டு அட்டைகளை நீட்டினாள், ஒன்றில் அவளைத் திட்டியிருந்தது, இன்னொன்றில் என்னைப் புகழ்ந்திருந்தது, இரண்டின் அடியிலும் ஒரே பெயர், ஏரிக்கரை நல்லாட்சிக் குழு. கிரிப்டோ பணத்தில் நடக்கும் குழு, பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க என்று நீயே எனக்குச் சொன்ன பெயர். "டேல், நீங்க ஜெயிக்கணும்னு இல்ல, என் ஓட்டுல பாதியை நீங்க பிரிச்சா பிரேடி நோகாம ஜெயிச்சிருவான், அதுக்குத்தான் உங்களைத் தூக்கிப் பிடிக்கிறாங்க" என்றாள். கொஞ்சம் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நான் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். அவளுக்கு அவர்கள் பயப்படுகிறார்கள், என்னை வைத்துக் காரியம் பார்க்கிறார்கள். நீ ஃபோனில் சொல்ல வந்ததும் இதுதான் என்று அப்போது புரிந்தது.

ஓட்டுச் சீட்டு அச்சாகிவிட்டது, பெயரை எடுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் விருந்தில் கொப்பரையில் கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது, பரிசுச் சீட்டு குலுக்கும் மைக்கை வாங்கி, "எனக்கு ஓட்டுப் போட்டா அது பிரேடிக்குப் போட்ட மாதிரி, கிடங்குக்காரன் என்னை வச்சு விளையாடுறான், கோலீனுக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டேன். கை தட்டினார்கள், கூரை அதிரத் தட்டினார்கள். ஆனால் தட்டிக்கொண்டே எல்லோரும் திரும்பிப் பார்த்தது அவளைத்தான் ஹெய்டி.

இன்று சாயங்காலம் உன் அம்மா அழுத்தமாகச் சொல்லிவிட்டாள். "ஊர் யாருக்கு வேணா போடட்டும், நான் என் புருஷனுக்குத்தான் போடுவேன், உன் பேருக்கு ஒரு ஓட்டுகூட விழாம இருக்கறதா?" ஒரு ஓட்டு வித்தியாசத்தில் பிரேடி ஜெயித்தால் என்ன செய்வது என்று அவளிடம் வாதாட வேண்டியதாகிவிட்டது. வேறு வழி? நம் சமையலறை மேசையில் உட்கார்ந்து கோலீனுக்குப் பிரசாரம் செய்தேன். பனிப்புயலில் அவள் நடந்தே பண்ணைக்குப் போனதை, காசு வாங்காததை, கிரிப்டோ மெஷினில் பணத்தை விட்ட கிழவர்களுக்காக அவள் நின்றதை, க்ளோவரின் காலை, எல்லாவற்றையும் நானே என் வாயால் சொன்னேன். சொல்லச் சொல்ல எல்லாம் உண்மை என்று தெரிந்தது, அதுதான் இன்னும் எரிந்தது. உன் அம்மா காபியைக் கலக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, அப்ப அவளுக்கே போடுறேன்" என்றாள். இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை.

கடவுள் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும், நல்ல தூக்கமும் நல்ல மனிதர்களும் உனக்குக் கிடைக்கட்டும். குளிர் வருவதற்குள் ஒரு முறை வந்துபோ. அந்தக் குழு எனக்காகச் செலவழித்ததை உன் கணக்கில் மறக்காமல் ஏற்று, அப்பா பெயர் என்று விட்டுவிடாதே. கோலீனுக்கு எதிராகச் செலவானதைவிட அது கம்மிதான் என்றால் என்னிடம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
டேல்