படத்துக்கு முன்னால் வைத்த பூ

எல்கடுவ,
மார்ச் 11

அன்பு மகள் ஷெரோமிக்கு,

நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். பெங்களூர்த் தண்ணீர் இப்போது உனக்கு ஒத்துக்கொள்கிறதா, மடத்தில் சிஸ்டர்மார் எல்லோரும் நலமா என்று அறிய ஆவல். உன் பெப்ரவரிக் கடிதம் போன வியாழன்தான் கைக்கு வந்தது, பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போனவர்கள் விட்டுப்போன குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு இரண்டு தரம் வாசித்தேன். ஈஸ்டருக்குப் பீடத்துப் பூ உன் பொறுப்பு என்றும், டேலியா வெட்டி ஒரு மணித்தியாலத்தில் தலை தொங்கிவிடுகிறது என்றும் எழுதியிருந்தாய். வெயில் ஏறுமுன் வெட்டு, மொட்டாக வெட்டாதே, டேலியா வெட்டிய பிறகு விரியாது. காம்பைச் சாய்த்து வெட்டி, கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் நிறுத்தி, ஆறும்வரை இருட்டான மூலையில் விட்டுவிடு. தண்ணீருக்குள் ஓர் இலையும் இருக்கக் கூடாது. பக்கத்தில் நின்றே அடுக்காமல், இடையிடையே சனம் உட்காரும் கடைசி வாங்கு வரை போய் நின்று பார்.

இங்கே மழை இல்லை, குழாயில் காலையில் மட்டும்தான் தண்ணீர். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றியே வளர்க்கிறேன், ஆனாலும் தோட்டம் என்றுமில்லாத மாதிரிப் பூத்திருக்கிறது. தவக்காலத்தில் பீடத்துக்குப் பூ இல்லை, கோயிலுக்குக் கொடுக்க முடியாது. செடியிலே வாடவிட்டால் அடுத்த மொட்டு வராது என்று சனிக்கிழமை ஒரு கை நிறைய வெட்டினேன். வீட்டில் பூச்சாடி வைக்க அலுமாரி மேல்தட்டுத்தான் உண்டு, அங்கேதான் நீ வெள்ளை உடுப்பில் நிற்கும் படமும் இருக்கிறது. நான் எதையும் யோசிக்கவில்லை, பின்னால் உயரமாகச் சிவப்பு டேலியா, முன்னால் தாழ்வாக ஜினியா என்று அழகு பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தேன். தேங்காய்த் துருவியை இரவல் வாங்க வந்த அடுத்த வீட்டு மதலேனா அக்கா வாசலிலேயே நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். என்ன ஜெனி இது, உசுரோட இருக்கிற புள்ள படத்துக்கு யாராச்சும் பூ வைப்பாங்களா, புத்தகம் படிச்சுப் படிச்சு ஒனக்கு இதுகூட மறந்துபோச்சா என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவசரமாகச் சாடியைத் தூக்கினேன், அதற்குள் அப்பா லொறியை விட்டுவிட்டு வந்துவிட்டார். விடு, அப்புடியே இருக்கட்டும், போன புள்ள போனதுதானே என்றார். வாயக் கழுவுங்க லெஸ்லி தம்பி என்று சத்தம் போட்டுவிட்டு மதலேனா அக்கா துருவியை வாங்காமலே போய்விட்டார். சாடியைக் குசினிக்குக் கொண்டுபோய்விட்டேன்.

உன்னிடம் மறைக்கவில்லை மகள். அப்பாவுக்கு உன்மேல் கோபம் இல்லை, கோபம் என்றால் எனக்குத் தெரியும், நாலு பேச்சோடு தீர்ந்துவிடும். மே மாதம் உன் துறவற வார்த்தைப்பாட்டன்று நாங்கள் இருவரும் உன் கையைப் பிடித்துப் பீடம் வரை கூட்டிப் போக வேண்டும் என்று நீ ஜனவரிக் கடிதத்தில் கேட்டதை, அது வந்த அன்றைக்கே வாசித்துக் காட்டினேன். அவருடைய பாஸ்போட் விண்ணப்பத்தை நிரப்பி மேசையில் வைத்து மூன்று வாரம், ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. சோறு போடும்போது திரும்பவும் கேட்டேன். கடவுளுக்கு எத்தனையோ புள்ளைங்க ஜெனி, நமக்கு ஒன்னுதானே என்றார். நான் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன். உன்னைத் திரும்பி வா என்று சொல்ல வாய் வராது, உன்னைவிடச் சின்ன வயதில் யாரையும் கேட்காமல் அவரோடு வந்தவள் நான். அவரைப் போங்கள் என்று தள்ளவும் மனம் வரவில்லை. நான் நிச்சயம் வருவேன். இப்போதைக்கு ஓர் ஆளுக்கு மட்டும் இடம் பார்க்கும்படி சிஸ்டரிடம் சொல்லிவை.

நேரத்துக்குச் சாப்பிடு. நோன்பு என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, அதில் வரச் சொல்லாதே, லொறியின் புது கியர்பெட்டி எப்படி என்று கேள். ஆண்டவரும் மாதாவும் உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இன்னும் ஒன்று. இதுவரை வந்த கடிதங்களின் அடியில் அம்மா, அப்பா என்று இருந்ததெல்லாம் அவரைக் கேட்காமல் நானே எழுதியது. இன்றைக்குத்தான் கேட்டேன். பேனாவை வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார், பிறகு திருப்பித் தந்துவிட்டார்.

அன்புடன்,
அம்மா