ஏழாம் பிளாக் குளவி

மார்ச் 4, செவ்வாய்

காலை முழுக்க மூடுபனி. குடை மறந்தேன்.

தோட்டத்து ஏழாம் பிளாக்கில் தேயிலைத் தளிரெல்லாம் கரும்புள்ளி. தேயிலைக் கொசு எனும் சாறுறிஞ்சிப் பூச்சி. அதன் முட்டை உள்ள தண்டு எட்டு. ஆய்வுக்கூடத்துக் குழாயில் போட்டுப் பஞ்சால் அடைத்தேன். வெள்ளிக்கிழமை அங்கே மருந்தடிப்பு. அந்த முட்டைகளுக்குள்ளேயே வளர்ந்து அவற்றைத் தின்று அழிக்கும் குளவி அங்கேயே இருக்கலாம், பொறுங்கள் என்றேன். மானேஜர் சிரித்தார்.

"படமாச்சும் கொண்டாங்க மேடம். அப்புறம் பாப்போம்."

நியாயம்தான். நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

மார்ச் 5, புதன்

நேற்று மாலை தண்டிலிருந்து ஒரே ஒரு குளவி வந்தது. முற்றுப்புள்ளி அளவு. படமெடுக்க அசையாமலிருக்கட்டும் என்று ராத்திரி முழுக்கக் குளிர்ப்பெட்டியில். காலையில் அசைவில்லை. 'இறந்தது' என்று குறித்தேன்.

வாங்க: பேட்டரி, ரொட்டி, முழங்கால் தைலம்.

மார்ச் 6, வியாழன்

ஐந்தரைக்கே வந்தாயிற்று. கோலா தெர்லாவிலிருந்து வரும் காய்கறி லோரிகள் சாலையில் ஓடத் தொடங்கினால் மேசை அதிரும்.

முடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்காகக் கேமராவை நகர்த்தி, குளவியை நூற்று அறுபது படம். ஒவ்வொன்றிலும் ஒரு கீற்றுதான் தெளிவு. கீற்றுகளைக் கணினி ஒன்றாக அடுக்கும்.

அடுக்கியது. எதற்கும் வாய் பிளப்பவள் இல்லை நான். இன்று நாற்காலியை விட்டு எழ மனம் வரவில்லை. குளவியின் சிவந்த கூட்டுக்கண்ணில் ஒவ்வொரு சிற்றறையும் தனித்தனியாக. இறக்கை என்று பார்த்தால் ஒரு காம்பு, சுற்றிலும் நீள மயிர். இதை வைத்துப் பறக்கிறது. தேநீர் ஆறிவிட்டது.

ஆனால் இரண்டு இருக்கவேண்டிய உணர்கொம்பு ஐந்து. கணினியைத் திட்டினேன். லோரியைத் திட்டினேன். படங்களை வரிசையாக ஓட்டினேன். எண்பதாவதிலிருந்து கொம்பு மெல்ல உயர்கிறது.

உயிரோடு இருக்கிறது.

ஒரு சொட்டு ஆல்கஹால் போதும், செத்துவிடும். பிழையில்லாத படம் கிடைக்கும். சொட்டுக்குழல் கையில்.

முகமூடி வாங்க வந்த லெட்சுமி அக்கா, மருந்தடிப்பவர், எட்டிப் பார்த்தார். "இத்துனூண்டுக்கா இவ்ளோ யோசனை? நாளைக்கு என் டேங்க்ல எல்லாம் போய்டும்லா."

சொட்டுக்குழலை மூடிவைத்தேன். குளவியைக் குழாய்க்குள் திருப்பி விட்டுப் பஞ்சால் அடைத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

வெயில். கெட்டுப்போன படத்தையே மானேஜரிடம் காட்டினேன்.

"என்னா மேடம், அஞ்சு கொம்பு?"

"ரெண்டுதான். எடுக்கிறப்ப முழிச்சிக்கிச்சு."

மானேஜர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "ஏழாம் பிளாக் மட்டும் ரெண்டு வாரம் தள்ளிப் போடலாம்."

வெளியே லெட்சுமி அக்கா டேங்க்கோடு. "அப்ப இன்னிக்கு எங்க?"

"ஒம்பதாம் பிளாக்," என்றார் மானேஜர்.

"அங்க உள்ளது மட்டும் பாவமில்லையா தொரை?"



ஏழாம் பிளாக்கில் பஞ்சை எடுத்துக் குழாயைச் செடியில் வைத்தேன். குனிந்தே இருந்தேன். குளவி எப்போது போனது என்று தெரியவில்லை. குழாய் காலி. சட்டைக் கையில் ஒட்டியிருக்கிறதா என்று தேடினேன்.