சீஸ் துண்டும் வெள்ளைப் பாஸ்தாவும்

நவம்பர் 11, செவ்வாய்

மழை விடவில்லை. மலை ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. சனிக்கிழமை நாமக்கல் போய் இன்சுலின் வாங்கியிருக்க வேண்டும். ஆபீஸும் லீவுதான். சோம்பல், போகவில்லை. ஊசிப் பேனாவில் மிச்சம் இருக்கும் மருந்து நாளை ராத்திரி வரைக்கும்தான்.

நவம்பர் 12

ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. இன்சுலினும் அங்கே இருக்கும். ஆனால் அங்கே நர்ஸ், மெர்சி சிஸ்டர். லூர்துவின் சொந்த அத்தை. தை மாதம் லூர்துவோடு எனக்குக் கல்யாணம். பன்னிரண்டு வயதிலிருந்தே எனக்குச் சர்க்கரை என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

"தெரிஞ்சா ஒருத்தனும் கட்ட மாட்டான். வாயத் திறக்காதே." அம்மா இன்றும் போனில் அதையேதான் சொன்னாள். மருந்து தீரப்போகிறது என்றதும் அழுதாள். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லவில்லை.

நவம்பர் 13

அறைத்தோழி கலைச்செல்வி, இந்த மலையிலேயே அரியூர் நாட்டுப் பக்கத்துக்காரி, போனைப் பார்த்து வெள்ளைப் பாஸ்தா செய்தாள். "ரசஞ்சோறே தின்னு நாக்குச் செத்துப்போச்சுங்க. இதைச் சாப்பிட்டுப் பாருங்க."

பேனா நேற்றோடு காலி. தட்டைப் பார்த்ததும் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. ஒரு தட்டில் மாவுச்சத்து அறுபது கிராமாவது இருக்கும். அதில் க்ரீமும் வெண்ணெயும் சேர்ந்தால் சர்க்கரை உடனே ஏறாது, நான் தூங்கினபிறகு ஏறும். பாஸ்தாவில் போட்டதுபோக அவள் மிச்சம் வைத்த சீஸில் மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம். புரதம் உண்டு, கால்சியம் உண்டு. கொழுப்பும் உப்பும் கூடத்தான், அதைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம். தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு, அவள் அந்தப் பக்கம் போனதும் சீஸை நின்றபடியே விழுங்கினேன். திருடி மாதிரி.

"நல்லால்லீங்களா?" என்றாள். முகம் வாடிவிட்டது. அவளிடம் என்னத்தைச் சொல்ல? எனக்கும் அந்தப் பாஸ்தாதான் வேண்டும், சனியன்.

நவம்பர் 14

மீட்டர் 390 காட்டுகிறது. தண்ணீர் குடித்து மாளவில்லை. சீஸ் காப்பாற்றும் என்று நினைத்தேனா? இன்சுலின் இல்லாவிட்டால் எதைத் தின்றாலும் உடம்பு தன்னையே தின்ன ஆரம்பிக்கும். தெரிந்தும் உட்கார்ந்திருக்கேன். சாவைவிட மெர்சி சிஸ்டர்தான் பெரிசா? ஆமா, பெரிசுதான் போல. எழுதவே வெட்கமா இருக்கு.

நவம்பர் 16

நேற்று ஒரே வாந்தி. கலைச்செல்விதான் மழையில் ஸ்கூட்டியில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். கண் விழித்தபோது டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பாஸ்தாவை நீட்டியிருப்பனா சாமி" என்று மூக்கை உறிஞ்சினாள்.

மெர்சி சிஸ்டர் கேட்டது ஒன்றுதான். "எத்தனை வருஷமா?"

சொன்னேன்.

"லூர்துகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லிடு" என்றார்.

நவம்பர் 19

சொல்லிவிட்டேன். லூர்து முழுசாகக் கேட்டுக்கொண்டான். அப்புறம், "எனக்குப் பரவாயில்ல ஜாஸ்மின். எங்கம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். கல்யாணம் ஆனாலும் ஊசியப் பாத்ரூம்ல வச்சுப் போட்டுக்கோ."

நல்லவன்தான். அதுதான் வயிற்றெரிச்சல். சீஸை ஒளிச்சுத் தின்னேன், இனி ஊசியும் ஒளிச்சா? எத்தனை வருஷம்?

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

டிசம்பர் 1, திங்கள்

ரோடு சரியாகிவிட்டது. லூர்து போட்ட நிச்சய மோதிரத்தை மெர்சி சிஸ்டரிடம் காலையில் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டு என் கன்னத்தைத் தட்டினார். அம்மா போனை எடுப்பதில்லை.

மத்தியானம் ஆபீஸில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். டிபன் பாக்ஸ் பக்கத்திலேயே பேனாவை வைத்து, அங்கேயே ஊசி போட்டுக்கொண்டேன். ஒருத்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொருத்தர் ஊறுகாயை என் பக்கம் தள்ளினார்.

நல்ல பசி. சாப்பிட்டேன்.